அடியில் தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறதா? பெயின்ட் வாளித் தொட்டியில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு பெயின்ட் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, கீழே தண்ணீரும் மேலே கலவையுமாக வைக்கும் தொட்டி மாடித்தோட்டக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். செலவு குறைவு, தினமும் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் இதில் தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது. சாதாரணத் தொட்டிக்குச் செய்வதை எல்லாம் அப்படியே இதற்கும் செய்தால் கோளாறு நிச்சயம். மேல் கலவை காய்ந்திருக்கிறதே என்று மேலே ஊற்றுவது, வாடினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது, ஜீவாமிர்தத்தை (சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) ஊற்றும் குழாயில் விடுவது, செம்மண்ணைப் போட்டு நிரப்புவது ஆகியவை புகார்களில் பலவற்றுக்குக் காரணம்.

அளவு தெரியாமல் பிழை தேட முடியாது. அதனால் நன்றாக வேலை செய்யும் தொட்டியின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம்.

சரியான தொட்டியின் அளவுகள்

20 லிட்டர் வாளி இரண்டு. எமல்ஷன் பெயின்ட் வந்த வாளியாக இருக்கட்டும்; உரித்துக் கழுவினால் சுத்தமாகிவிடும். எனாமல், தின்னர், ரசாயனம் வந்த வாளி காய்கறிக்கு வேண்டாம்.

ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் இரண்டு அடிகளுக்கும் நடுவே இடைவெளி விழும். இது வாளிக்கு வாளி மாறும், அளந்தே ஆக வேண்டும். 7 செ.மீ. இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் 7 செ.மீ. உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து நடுவில் வைக்காமல் ஓரமாக வையுங்கள். நடுவில் திரிக் கப் இறங்க வேண்டும்.

திரிக் கப் என்பது கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) உமிக்கரியும் பாதிப் பாதி கலந்து அடைத்த ஒரு கப். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல இதுதான் தண்ணீரை மேலே இழுக்கிறது. 400 கிராம் தயிர் கப் போதும். பக்கவாட்டிலும் அடியிலும் 4 மி.மீ. துளைகள் 30 போடுங்கள். உள் வாளியின் அடியில் நடுவில், கப்பின் விளிம்பைவிடச் சற்றுச் சிறிய வட்டம் வெட்டினால் விளிம்பு மாட்டிக்கொண்டு கப் கீழே தொங்கும். கப்பின் அடி, வெளி வாளியின் அடியிலிருந்து அரை செ.மீ. மேலே நிற்க வேண்டும். உள் வாளியின் அடியில் மீதி இடத்தில் 6 மி.மீ. துளைகள் இருபது. இவை காற்று போக.

வெளி வாளியில் வழிவுத் துளைகள் இரண்டு, எதிரெதிராக, 10 மி.மீ. அளவில். உள் வாளியின் அடி நிற்கும் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே. இந்த 1 செ.மீ. தான் காற்று இடைவெளி. தண்ணீர் 6 செ.மீ. உயரம் நிற்கும். வாளி அடியின் விட்டம் 26 செ.மீ. என்றால் கொள்ளளவு சுமார் 3.2 லிட்டர்.

தண்ணீர் ஊற்ற ஒரு இஞ்ச் பிவிசி குழாய், உள் வாளியின் ஓரத்தில் துளைத்து அடிவரை. கீழ் முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். கலவை 15 லிட்டர்: கழுவிய கோகோபீட் 3 பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் 1 பங்கு, உமிக்கரி அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி. செம்மண் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து ஒரு தொட்டி 15 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். மாடியில் சுவர் ஓரமாக, தூண் உள்ள பக்கமாக வரிசைப்படுத்துங்கள்.

கை வைக்கும் முன் மூன்று பார்வை

ஊற்றும் குழாயில் ஒரு தென்னை ஈர்க்கை விட்டு எடுத்து எத்தனை செ.மீ. நனைந்திருக்கிறது என்று பாருங்கள். அடியில் தண்ணீர் எவ்வளவு என்பது தெரியும். பிறகு கலவையில் விரலை 5 செ.மீ. வரை விட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, உள் வாளியை இரண்டு கைகளாலும் தூக்கி, கப்பின் அடி ஈரமாக இருக்கிறதா, வேர் வெள்ளையா பழுப்பா, நாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதைப் பலர் செய்வதே இல்லை. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாளி இறுகி வரவில்லை என்றால் இழுக்க வேண்டாம், திருகித் தூக்குங்கள்.

அடியில் தண்ணீர் நிற்கிறது, மேலே கலவை காய்ந்திருக்கிறது, செடி வாடுகிறது

முதலில் ஒரு விளக்கம். மேல் 2 செ.மீ. காய்ந்திருப்பது கோளாறே அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். 5 செ.மீ. ஆழத்திலும் காய்ந்து, செடியும் வாடியிருந்தால்தான் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம்.

வாளியைத் தூக்கிக் கப்பைப் பாருங்கள். கப் ஈரமாகவே இல்லையா? அது தண்ணீரைத் தொடவில்லை. இடைவெளி 7 செ.மீ., கப் 5 செ.மீ. என்றால், அடியில் உள்ள கடைசி 2 செ.மீ. தண்ணீர் செடிக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஈர்க்கு "தண்ணீர் இருக்கிறது" என்று காட்டும், செடி வாடும். நீளமான கப் மாற்றுவதே வழி.

கப் ஈரம், அதற்கு மேல் காய்ந்திருக்கிறது என்றால் கப்புக்கும் மேல் கலவைக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. கப்பில் கலவையைத் தளர்வாகப் போட்டிருப்பீர்கள். அது உட்கார்ந்து நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும். கப்பை நிரப்பும்போது மட்டும் நனைத்த கலவையை இரண்டு விரலால் அழுத்தி அழுத்தி, விளிம்பு தாண்டிக் குவியும்வரை அடைக்க வேண்டும். மேலே உள்ள 15 லிட்டரை அழுத்தக்கூடாது.

கப்பும் சரி, தொடர்பும் சரி, ஆனால் ஏறவில்லை என்றால் கோகோபீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்துபோயிருக்கிறது. காய்ந்த கோகோபீட் தண்ணீரைத் தள்ளும். மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், உள்ளே நனையாது. 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மேலே மெதுவாக, கால் மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். வழிந்ததைக் கொட்டிவிட்டு, அடியைப் புதுத் தண்ணீரால் நிரப்புங்கள். அடுத்த நாள் விரல் வைத்தால் ஈரம் தெரியும். புதிதாக நடும்போதும் இதே விதிதான்: முதல் நாள் மேலே ஊற்றிக் கலவை முழுவதையும் நனைத்த பிறகுதான் அடித் தண்ணீர் வேலை செய்யத் தொடங்கும்.

கப்புக்குப் பதில் துணித் திரி போட்டவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் தனி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், அலசாமல் போட்டால் தண்ணீர் இழுக்காது. அலசிப் போட்டால் நன்றாக இழுக்கும், ஆனால் சில மாதங்களில் மக்கி அறுந்துவிடும். பருத்திதான் வேண்டும் என்றால் கீரைக்குப் போடுங்கள், ஒரு அறுப்புப் பருவத்துக்குத் தாங்கும். நான்கைந்து மாதம் நிற்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் கலவை அடைத்த கப் மட்டுமே.

மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது

ஏப்ரல், மே வெயிலில் இது இயல்பு. இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் சேர்க்க வேண்டாம். வாளி கறுப்பாகவோ அடர் நிறமாகவோ இருந்தால் வெயில் படும் பக்கத்தில் சணல் சாக்கைச் சுற்றுங்கள், அல்லது வெள்ளை அடியுங்கள். வேர்ப்பகுதி 35 டிகிரியைத் தாண்டினால் வேர் தண்ணீர் எடுப்பதே குறையும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு. 50 சதவீத நிழல்வலை இந்த இரண்டு மாதங்களுக்குப் போதுமானது.

மறுநாள் காலையிலும் நிமிரவில்லை

இது வேறு விஷயம். வேரைப் பாருங்கள். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால் வேரழுகல். காற்று இடைவெளி அடைபட்டிருக்கும், அல்லது கலவையில் மண் அதிகம். அடித் தண்ணீரை முழுக்கக் கொட்டி, மேல் கலவை லேசாகக் காயும்வரை இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் செடி பிழைக்கும்.

வேர் நன்றாக இருந்தும் தக்காளியோ கத்தரியோ பச்சை மாறாமல் திடீரென்று தொங்கினால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை கீழே தொங்குமாறு ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை மெல்லக் கீழே இறங்கினால் உறுதி. மருந்து தேட வேண்டாம். செடியையும் கலவையையும் மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வாளியை பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்ததாகத் தக்காளி, கத்தரி, மிளகாய் அல்லாத ஒன்றை நடுங்கள்.

குழாயில் ஊற்றினால் தண்ணீர் இறங்கவில்லை

குழாயின் கீழ் முனையை நேராக வெட்டியிருக்கிறீர்கள். வாளி அடியில் ஒட்டி அமர்ந்துவிட்டது. தற்காலிகமாக குழாயை 1 செ.மீ. தூக்கிவிட்டால் இறங்கும். சாய்வாக வெட்டி மாற்றுங்கள். வெட்டு சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் வழிவுத் துளை அடைபட்டு, உள்ளே உள்ள காற்று வெளியேற வழி இல்லாமல் நிற்கிறது. அந்தத் துளைதான் தொட்டியின் மூக்கும். ஒரு ஆணியால் குத்தி விடுங்கள்.

ஒரே நாளில் அடித் தண்ணீர் காலி

கசிவு என்று முடிவு கட்டும் முன் கணக்குப் பாருங்கள். காய்ப்பில் இருக்கும் தக்காளிச் செடி கோடையில் ஒரு நாளைக்கு 2 லிட்டரும் அதற்கு மேலும் குடிக்கும். 3.2 லிட்டர் ஒன்றரை நாளுக்குத்தான் வரும். வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும் என்று சொல்வதெல்லாம் கீரைக்கும் நாற்றுக்கும் பொருந்துமே தவிர, காய்க்கும் தக்காளிக்குப் பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் உள் வாளியை எடுத்துவிட்டு, வெளி வாளியில் வழிவுத் துளை மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் கீறல். அதை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். பெயின்ட் வாளி பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். எம்-சீல், சிலிகான், பிவிசி பசை எதுவும் அதில் நிலைத்து ஒட்டாது. கீறல் விழுந்த வாளியை உள் வாளியாக மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு ஓட்டை இருந்தால் நல்லதுதான்.

வாளி சரியாக இருந்தும் ஒரு பக்கத் துளையில் மட்டும் வழிந்துகொண்டே இருக்கிறதா? மொட்டை மாடித் தளம் மழைநீர் வடிய ஒரு பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். சரிவுப் பக்கத் துளை தாழ்ந்து, நிரம்பும் முன்பே வழிகிறது. இன்னொரு பக்கம் கலவைக்குப் போதிய நீர்மட்டமும் இல்லை. தாழ்ந்த பக்கம் ஒரு டைல்ஸ் துண்டைச் சொருகினால் தீர்ந்தது. துளை ஒன்று மட்டும் போட்டு, அது மேட்டுப் பக்கம் இருந்தால் எதிர் விளைவு வரும்: தாழ்ந்த பக்கம் தண்ணீர் உள் வாளியைத் தொட்டு, காற்று இடைவெளி மறைந்து, அந்தப் பக்க வேர் அழுகும்.

அழுகிய முட்டை நாற்றம்

காற்றில்லாமல் ஏதோ அழுகுகிறது. என்ன ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், மோர், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் இவற்றில் எதுவாக இருந்தாலும் ஊற்றும் குழாயில் போகக்கூடாது. மேல் மண்ணில் ஊற்றினால் காற்றும் நுண்ணுயிரும் சேர்ந்து செரிக்கும். மூடிய அடித் தண்ணீரில் அவை அழுகும். பஞ்சகவ்யா கொடுத்தே பழக்கம் என்றால் 3 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 30 மி.லி. வீதம், வடிகட்டி இலையில் தெளியுங்கள்.

எதுவும் ஊற்றவில்லை என்றால், மக்காத சாணம் கலவையில் போயிருக்கும், அதுவும் குறிப்பாகக் கப்புக்குள். கப் எப்போதும் தண்ணீரில் நிற்பது. அதில் உரமே வேண்டாம்; கோகோபீட்டும் உமிக்கரியும் பாதிப் பாதி போதும்.

தண்ணீரைக் கொட்டி, வெளி வாளியைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு நிரப்புங்கள். இரண்டாம் முறையும் நாறினால் கப்பின் கலவையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மேல் மண்ணில் வெள்ளைப் பூச்சு, இலை ஓரம் கருகல்

தமிழ்நாட்டில் இந்த வகைத் தொட்டியைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பூச்சைக் கிள்ளி விரலில் தேயுங்கள். பஞ்சாக, நூல் நூலாக இருந்தால் பூஞ்சணம். உரம் மக்குவதால் வருவது, கெடுதல் இல்லை, கிளறிவிட்டால் போகும். நறநறவென்று இருந்து, தண்ணீரில் போட்டால் கரைந்தால் உப்பு.

சாதாரணத் தொட்டியில் மேலே ஊற்றும் தண்ணீர் உப்பை அடியில் வடித்துக்கொண்டு போய்விடும். இங்கே தண்ணீர் மேலே ஏறி ஆவியாகிறது, உப்பு மேலேயே தங்குகிறது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1000 உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 1 கிராம் உப்பைக் கொண்டுவருகிறது. ஒரு நாளைக்கு 2 லிட்டர் வீதம் மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 180 கிராம். செடி அதில் ஒரு பகுதியை உணவாக எடுத்துக்கொள்ளும், மீதி அந்த 15 லிட்டர் கலவையில்தான் கிடக்கும். இலை ஓரம் ஏன் கருகுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: மேலே 2 செ.மீ. கலவையைச் சுரண்டி எறியுங்கள். பிறகு நல்ல தண்ணீர் 10 முதல் 15 லிட்டரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, வழிவுத் துளையில் முழுக்க வழியவிடுங்கள். கடைசியில் உள் வாளியைத் தூக்கி வைத்து, அடியில் தங்கிய தண்ணீரையும் கொட்டுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் கழுவிய உப்பு திரும்ப மேலே ஏறும். சுரண்டிய இடத்தில் மண்புழு உரம் போட்டு, காய்ந்த இலை அல்லது தென்னை மட்டைத் துண்டுகளால் மூடுங்கள். மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும், உப்பு சேர்வதும் குறையும்.

டிடிஎஸ் 500-க்குள் என்றால் பருவத்துக்கு ஒருமுறை போதும். 1000-க்கு மேல் என்றால் மாதம் ஒருமுறை. 2000 தாண்டினால் அவரை, பீன்ஸ் போன்றவற்றை இந்தத் தொட்டியில் வைக்க வேண்டாம், அவை உப்பைத் தாங்கா.

வீட்டில் ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் இதில் ஊற்றுகிறார்கள். அது குழாய்த் தண்ணீரைவிட உப்பு கூடியது. வீட்டைத் துடைக்கப் பயன்படுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதைப் பிடித்து வைத்தால் கலவையைக் கழுவ அருமையானது. மழைத் தண்ணீர் அதைவிட மேல்.

நட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே இலை ஓரம் கருகினால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. கோகோபீட் கழுவாமல் போட்டிருப்பீர்கள். 5 கிலோ கட்டியை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரின் டிடிஎஸ், உங்கள் குழாய்த் தண்ணீருக்கு அருகில் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்புக் குறைந்தது என்று எழுதி விற்கும் கட்டியையும் ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

இலை மஞ்சள்

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடி இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறை. கோகோபீட்டில் உணவு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேலே பரப்பி, கலவையோடு லேசாகக் கிளறி, கால் லிட்டர் தண்ணீர் தெளியுங்கள். ரசாயன உரம் என்றால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை இலைத் தெளிப்பு. அடித் தண்ணீரில் தொடர்ந்து உரம் கரைத்தால் உப்புச் சிக்கலை நீங்களே வளர்க்கிறீர்கள். இங்கே உரம் வடிந்து வீணாவதில்லை என்பதால் சாதாரணத் தொட்டிக்குப் போடுவதில் பாதி போதும்.

மேல் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. கடினத் தண்ணீரால் கலவை காரமாகி, இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் இலை நனையத் தெளித்து, பத்து நாள் கழித்து மறுபடி. வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது

சுண்ணாம்புச்சத்துக் குறை என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். முட்டை ஓடு இந்தப் பருவத்துக்குள் கரையாது. தவிர, கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு நிறையவே இருக்கிறது. காய்வரை அது போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை. அடித் தண்ணீர் ஒரு நாள் நிறைந்தும் இரண்டு நாள் காலியாகவும் மாறி மாறி இருந்தால் இது வரும். உப்பு சேர்ந்திருந்தாலும், தழைச்சத்து அதிகமானாலும் வரும்.

கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறா. அடித் தண்ணீர் காலியாக விடாமல் ஈர்க்கில் ஒரு தெர்மாகோல் துண்டைக் குத்திக் குழாயில் மிதக்கவிட்டால், வெளியே நீளும் ஈர்க்கைப் பார்த்தே அளவு தெரியும். புதிதாகக் கலவை தயாரிக்கும்போது 15 லிட்டருக்கு ஜிப்சம் 3 மேசைக்கரண்டி சேருங்கள். நம் தண்ணீருக்கு டோலோமைட்டைவிட ஜிப்சம்தான் பொருத்தம், ஏனெனில் அது காரத்தை ஏற்றாது.

கொசுப்புழு

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த தண்ணீர் தேங்கிய இடத்தில்தான் முட்டையிடும். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். மூடாத வாளித் தொட்டி பத்து இருந்தால் நீங்கள் கொசுப் பண்ணை நடத்துகிறீர்கள்.

கொசு நுழைய மூன்று வழிகள்: குழாய், வழிவுத் துளை, இரண்டு வாளி விளிம்புகளின் இடைவெளி. குழாய்க்கு எண்ட் கேப் (பிவிசி மூடி). விளிம்பு இடைவெளியில் பழைய துணியைச் செருகி அடையுங்கள். வழிவுத் துளையில் வலையை ஒட்ட முயன்றால் பசை ஒட்டாது என்று மேலே பார்த்தோம். நைலான் கொசுவலையை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, துளைகளை மூடி வாளியைச் சுற்றி, துளைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சைக்கிள் ட்யூப் வளையங்களை மாட்டினால் இறுகி நிற்கும், கழற்றிக் கழுவவும் முடியும்.

புழு ஏற்கெனவே இருந்தால் தண்ணீரைத் தளத்தில் கொட்டி, வாளி உள்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது முக்கியம்: ஏடிஸ் முட்டை நீர்க்கோட்டை ஒட்டிய சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். மண்ணெண்ணெய், எண்ணெய் ஊற்றாதீர்கள், கப் அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு தண்ணீரை இழுக்காது.

கலவையிலிருந்து கிளம்பும் குட்டிக் கறுப்பு ஈக்கள், பச்சைப் பாசி

ஈக்கள் மேல் மண் எப்போதும் ஈரமாக இருப்பதன் அடையாளம். மேலே ஊற்றுவதை நிறுத்தி, 2 செ.மீ. மணலைப் பரப்பி, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகுங்கள். பாசி, வாளிக்குள் வெளிச்சம் ஊடுருவுவதால். வெள்ளை வாளியும் தண்ணீர் கேனும் வெளிச்சத்தை விடும். வெளியே முதலில் கறுப்பும் அதற்கு மேல் வெள்ளையும் அடித்தால் பாசியும் வராது, சூடும் ஏறாது.

விதை முளைக்கவில்லை, முளைத்தது சாய்கிறது

விதை இருக்கும் மேல் 1 செ.மீ. எப்போதும் காய்ந்தே இருக்கும் என்று முன்பே சொன்னோம். நேரடியாக விதைத்தால் முதல் பத்து நாள் காலையும் மாலையும் தெளிப்பானால் நனைக்க வேண்டும், வேர் கீழே எட்டும்வரை. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இது போதும். தக்காளி, மிளகாய், கத்தரியை ட்ரேயில் நாற்று விட்டு, நான்கைந்து இலை வந்ததும் நடுவதே நல்லது. தண்டு தரைமட்டத்தில் நைந்து சாய்ந்தால் நாற்றழுகல். தெளிப்பைக் குறைத்து, அடுத்த முறை விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணப் பொடியில் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் புரட்டி விதையுங்கள்.

ஐப்பசி மழையில் செடி மஞ்சளாகி நின்றுவிடுகிறது

வழிவுத் துளை வேலை செய்தால் எவ்வளவு மழையும் வழிந்துவிட வேண்டும். நின்றுவிட்டால் இலைச் சருகு அடைத்திருக்கும், அல்லது வாளி சாக்கடை ஓரத்தில், தேங்கும் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும். செங்கல் மேல் ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழையை மூடாமல் விடுங்கள், கோடை முழுதும் சேர்ந்த உப்பை அது இலவசமாகக் கழுவித் தரும். அதன் பிறகு அடைமழை நாட்களில் தண்டைச் சுற்றிப் பாலித்தீன் தாளைக் கட்டி, நடுவில் தண்டுக்கு மட்டும் வழி விட்டு மூடுங்கள். ஊற்றும் குழாயில் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டியிருக்காது.

கற்றாழை, ஓமவல்லி, கறிவேப்பிலை இவையெல்லாம் எந்தக் காலத்திலும் இதில் சுணங்கும். அடி ஈரம் அவற்றுக்கு ஆகாது. பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா மட்டும் வேண்டிய அளவுக்குத் தழைக்கும்.

இரண்டாம் பருவத்தில் செடி ஏறவே மாட்டேன் என்கிறது

பழைய கலவையை அப்படியே வைத்து நட்டிருப்பீர்கள். கோகோபீட் மக்கி நொறுங்கி, 15 லிட்டர் 12 லிட்டராகச் சுருங்கியிருக்கும். துகள் சிறுத்ததால் காற்றிடமும் குறைந்திருக்கும். வேர்கள் கப்புக்குள் இறங்கிப் பாய் போலப் பின்னியிருக்கும், அதனால் தண்ணீர் ஏறுவது பாதியாகும். எல்லாவற்றையும் கொட்டி, பழைய வேரைப் பொறுக்கி, மழை அல்லது ஏசித் தண்ணீரில் ஒருமுறை அலசி, வெயிலில் இரண்டு நாள் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்குக்குப் புதுக் கோகோபீட்டும் உமிக்கரியும், ஐந்தில் ஒரு பங்குக்கு மண்புழு உரமும் சேர்த்துக் கலக்குங்கள். கப்பில் மட்டும் பழையது ஒரு பிடிகூட வேண்டாம். துளைகளை ஊசியால் குத்தித் திறந்து, முழுக்கப் புதிதாக அடையுங்கள்.